தசை அதிர்வு சிகிச்சையும் முதியோர் நடையும்

உடல் விழாமல் நிற்கக் கண், உட்செவி, தசை மூன்றும் மூளைக்கு ஓயாமல் சேதி சொல்ல வேண்டும். தசைகளுக்குள் நீட்சியை உணரும் நுண்ணிழைகள் உள்ளன. கணுக்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இருட்டிலும் அவை தெரிவிக்கும். வயது ஏற ஏற இந்த உணர்வு மங்குகிறது. நெடுநாள் சர்க்கரை நோயால் பாத நரம்பு பழுதானவர்களுக்கு இன்னும் மோசம். பல்லடம், காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில், விடியுமுன் பால் கறக்கக் கட்டுத்தறிக்குப் போகும் முதியவருக்குப் பாதை இருட்டு, தரை ஈரம். அந்த நேரத்தில் கண்ணை நம்ப முடியாது. காலைத்தான் நம்ப வேண்டும்.

இந்த நுண்ணிழைகளைத் தூண்டுவதே தசை அதிர்வு சிகிச்சை. கெண்டைக்கால் தசை மீதோ குதிகால் நாண் மீதோ சிறு கருவியை வைத்து, நொடிக்கு ஏறத்தாழ 80 முதல் 100 முறை அதிரச் செய்வார்கள். தசை நீள்வதாக நுண்ணிழைகள் மூளைக்குச் சொல்லும். கண்ணை மூடி நிற்பவரின் குதிகால் நாணை இப்படி அதிரவிட்டால் அவர் பின்னால் சாய்வார். உடல் முன்னே கவிழ்கிறது என்று மூளை எண்ணி, அதைப் பின்னுக்கு இழுப்பதே காரணம். நிற்பதில் தசையுணர்வுக்கு எத்தனை பங்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இந்தத் தூண்டலைப் பல நாள் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மங்கிய உணர்வு கூர்மையாகும் என்பதே சிகிச்சையின் எதிர்பார்ப்பு. முழு உடலையும் அதிரச் செய்யும் மேடைகளும் உண்டு. அவற்றின் வேகம் குறைவு.

அதிர்வு சிகிச்சை பற்றிய சில ஆய்வுகளில் முதியோரின் நடையும் நிற்கும் உறுதியும் மேம்பட்டன. சிலவற்றில் பெரிய மாற்றம் இல்லை. உடற்பயிற்சிக்கு உள்ள சான்று இதைவிட வலுவானது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, பயிற்சியால் முதியோர் விழுவது 23 சதவீதம் குறைவதாகக் கண்டது. ஆகவே அதிர்வைத் துணையாகக் கொள்ளலாம், பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது போன்றவற்றுக்குக் கருவியே வேண்டாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதிர்வுக் கருவியைத் தொடக் கூடாது.