ஆறு சாம்பிள்கள் மஞ்சளான பகல்

எம்.டி. சேர்ந்திருக்கிறேன் என்றதும் சொந்தக்காரர்களின் முகம் மலரும். "எதுலம்மா?" என்பார்கள். "மைக்ரோபயாலஜி" என்றதும் பேச்சு ஒரு கணம் நிற்கும். பிறகு வரும்: "அப்போ பேஷன்ட் பார்க்க மாட்டியா?" என்னிடம் கேட்ட அதே கேள்வியை இப்போது என் மாணவர்களிடம் கேட்கிறார்கள். நீட் பி.ஜி. கலந்தாய்வில் எங்கள் துறையின் இடங்கள் கடைசிச் சுற்றுவரை நிரம்பாமல் கிடப்பது பழகிப்போன செய்தி. வேறு எதுவும் கிடைக்காதவர்கள் எடுக்கும் படிப்பு என்று பெயராகிவிட்டது. மூன்று வருடம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

காலையில் இன்குபேட்டரைத் திறப்பதுதான் எங்கள் ஓ.பி. முந்தின நாள் 37 டிகிரியில் வைத்துவிட்டுப் போன பிளேட்டுகளில் ராத்திரி முழுக்க வேலை நடந்திருக்கும். மெக்கான்கி அகரில் ஈ.கோலை இளஞ்சிவப்பாக உட்கார்ந்திருக்கும். க்ளெப்சியெல்லாவும் இளஞ்சிவப்புத்தான், ஆனால் லூப்பால் தொட்டால் சளியைப் போல் இழுபடும். ரத்த அகரில் புரோட்டியஸ் ஓரிடத்தில் நிற்காது. குளத்தில் கல் விழுந்தாற்போல் வட்டம் வட்டமாகப் பரவிப் பிளேட்டையே மூடிவிடும். சூடோமோனாஸைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்: மூடியைத் தூக்கியதும் திராட்சைப்பழ வாசம், அப்புறம் அந்தப் பச்சை. முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி. முகரத் தேவையே இருக்காது, வாசம் தானாக வரும்.

இன்றைக்கு மால்டி-டாஃப் என்ற இயந்திரம் ஒரு கிருமியின் புரதங்களை எடைபோட்டுச் சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடுகிறது. நல்லதுதான். ஆனால் நள்ளிரவில் ஒரு குழந்தையின் முதுகுத்தண்டு நீர் வந்தால், 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமேற்றும் முறைதான் முதலில் கைகொடுக்கிறது. ஊதாச் சாயம், அயோடின், கொஞ்சம் ஆல்கஹால், கடைசியில் சிவப்புச் சாயம். செல்சுவர் தடித்த பாக்டீரியா ஊதாவை விடாது. சுவர் மெலிந்தது விட்டுவிட்டுச் சிவப்பை ஏற்கும். பத்து நிமிடத்தில் வார்டுக்குப் போன் பண்ணி எந்த வகைக் கிருமி என்று சொல்லிவிடலாம். அந்தப் போனைப் பொறுத்து மருந்து மாறும்.

பிளேட்டுகளைப் பற்றிப் பேசும்போது ஃபேனி ஹெஸ்ஸேயைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வருவதில்லை. ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி. ஜெலட்டினில் கிருமி வளர்க்க முயன்ற கணவர், வெயில் ஏறினால் அது உருகி ஓடுகிறதே என்று திண்டாடினார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சுக்காரப் பக்கத்து வீட்டுக்காரரிடம் தான் கற்ற சமையல் முறையை ஃபேனி 1881-இல் அவருக்குச் சொன்னார்: கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். உடல் சூட்டில் உருகாது, பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. அடுத்த ஆண்டே காசநோய்க் கிருமியைப் பற்றி காக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை. அகர் தரும் பாசிகளில் ஒன்றை மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் மரிக்கொழுந்து என்கிறார்கள். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிப் பாறையிலிருந்து கையால் பறித்து வருகிறார்கள். என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் இதைச் சொல்லிவிடுவேன்.

கிருமியை அடையாளம் காண்பதோடு படிப்பு முடிந்துவிடாது. நான் முதலாண்டில் இருந்தபோது ஒரு ரத்தக் கல்ச்சரில் கிராம் பாசிட்டிவ் காக்கஸ் வளர்ந்தது. நானே பார்த்த முதல் பாசிட்டிவ். ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "எத்தனை பாட்டில்ல வளர்ந்துச்சு?" "ஒண்ணுலதான் மேடம்." "ரெண்டாவது பாட்டில்?" "இல்ல மேடம்." "பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கா?" தெரியவில்லை. "வார்டுக்குப் போயிட்டு வா" என்றார். போனேன். ரத்தம் எடுத்த குழந்தை கட்டிலில் நின்றுகொண்டு அம்மாவின் துப்பட்டாவை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டு இரண்டு நாளாம். பாட்டிலில் வளர்ந்தது தோலில் எல்லோருக்கும் இருக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ். ஊசி குத்தும்போது ஒட்டிக்கொண்டு வந்தது. என் ரிப்போர்ட் போயிருந்தால் அந்தக் குழந்தைக்குத் தேவையே இல்லாமல் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஏறியிருக்கும். பேஷன்ட் பார்க்க மாட்டியா என்று கேட்டவர்களுக்கு அன்றே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இந்தப் படிப்பில் எல்லோரும் சலித்துக்கொள்வது தீசிஸை. ஏதோ ஒரு தலைப்பு, நூறோ இருநூறோ சாம்பிள், முந்தைய பேட்ச்சின் அட்டவணையை ஒட்டி ஓர் அட்டவணை. நூலக அலமாரியில் தூசி படியும் என்று தெரிந்தே எழுதுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் நான் சென்னை மருத்துவக் கல்லூரியில் எழுதப்பட்ட ஒரு தீசிஸைப் பற்றிச் சொல்வேன்.

1985-இன் இறுதி. அங்கே மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு வயது 32. அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஒரு தலைப்பைக் கொடுத்தார்: தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடிப் பார். எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று பெரியவர்களெல்லாம் நம்பிய காலம் அது. மகாராஷ்டிரத்தில் நடந்த சோதனைகளில் எதுவும் கிடைத்திருக்கவில்லை. நிர்மலாவுக்கோ இந்த நோயைப் பற்றி அதுவரை எதுவும் தெரியாது. தயங்கியவரைச் சுனிதிதான் விடாமல் தள்ளினார்.

மும்பையைப் போல் சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று ஒரு தெரு கிடையாது. நிர்மலா அரசு பொது மருத்துவமனைக்குப் போய், பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வரும் பெண்களோடு பழகினார். அவர்களின் படிவங்களில் முகவரியாகத் திரும்பத் திரும்ப ஒரே இடம் வந்தது: பிடிபட்டு, ஜாமீன் கட்ட வழியில்லாத பெண்களை அடைத்துவைக்கும் விஜிலன்ஸ் ஹோம். அங்கேயே போய் ரத்தம் எடுக்க ஆரம்பித்தார். பஸ் காசு மிச்சமாகட்டும் என்று கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். கையுறை இல்லை, வேறு பாதுகாப்பும் இல்லை. மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேல் சாம்பிள் சேர்ந்தது. பிரித்தெடுத்த சீரத்தை வைக்க வேறு இடமில்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்.

எச்.ஐ.வி.க்கான எலைசா சோதனை அப்போது சென்னையில் இல்லை, வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. 1986 பிப்ரவரியில் ஓர் இரவு நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியோடு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து சி.எம்.சி. போய்ச் சேர்ந்தார்கள். வைராலஜி துறைத் தலைவர் ஜேக்கப் ஜான், உதவிக்கு ஜார்ஜ் பாபுவையும் எரிக் சிமோஸையும் அனுப்பிவைத்தார்.

எலைசாவின் தந்திரம் எளியது. வைரஸின் புரதம் முன்கூட்டியே பூசப்பட்டிருக்கும். அதன்மேல் நோயாளியின் சீரம். வைரஸைச் சந்தித்த உடம்பானால் சீரத்தில் எதிர்ப்பொருள் இருக்கும். அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றாதது கழுவும்போது போய்விடும். அடுத்து, மனித எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய இன்னொரு எதிர்ப்பொருள், வாலில் ஒரு நொதியோடு. கடைசியில் ஊற்றும் நிறமற்ற திரவத்தை அந்த நொதி நிறமாக்கும். நிறம் வந்தால், அந்த வைரஸ் அந்த உடம்புக்குள் போயிருக்கக்கூடும் என்று பொருள்.

காலை எட்டரைக்குச் சோதனையைத் தொடங்கினார்கள். மதியம் கரண்ட் போனது. டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து முதலில் மூடியைத் திறந்த ஜார்ஜ் பாபு சட்டென்று மூடிவிட்டு, விளையாடாதீர்கள் என்றாராம். அதற்குள் நிர்மலா பார்த்துவிட்டார். ஆறு சாம்பிள்கள் மஞ்சளாகியிருந்தன.

யாரும் நம்பவில்லை, நம்பக் கூடாது என்பதுதான் எங்கள் படிப்பின் முதல் பாடம். சுனிதியும் மற்றவர்களும் விஜிலன்ஸ் ஹோமுக்குப் போய் அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சிமோஸ் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். எலைசா சில சமயம் பொய்யாகவும் நிறம் காட்டும்; வைரஸின் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, எதிர்ப்பொருள் எவற்றைப் பற்றுகிறது என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் அவ்வளவு எளிதில் ஏமாறாது. அது உறுதி செய்தது. செய்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும் பிரதமர் ராஜீவ் காந்திக்கும் போனது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். மாணவியும் ஆசிரியரும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

அப்புறம் நிர்மலா பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டார். 1987 மார்ச்சில் தீசிஸைச் சமர்ப்பித்தார். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்து, 2010-இல் ஓய்வுபெற்றார். சுனிதி 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015-இல் இறக்கும்வரை இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார். நாட்டில் ரத்தப் பரிசோதனை மையங்களும், 2004 முதல் தாம்பரம் உட்படச் சில இடங்களில் இலவச மருந்தும் வந்ததற்கு முதல் அடி அந்த வேலூர்ப் பகலில் எடுத்து வைக்கப்பட்டது.

ஆனால் இதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்ல என்னால் முடியாது. ரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்றைய வழக்கம் அது. பிறகு, கிருமி இருப்பது தெரிந்த பெண்கள் பலர் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்திலேயே வைக்கப்பட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 1990-இல்தான் வெளியே வந்தார்கள். அவர்களிடமிருந்து நாடு அவ்வளவு பெரிய உண்மையைக் கற்றது. பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது பூட்டிய கதவு. இப்போது ஒப்புதல் பெறாமல் எச்.ஐ.வி. சோதனை செய்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. என் மாணவர்கள் ஒப்புதல் படிவத்தை வெறும் சம்பிரதாயமாக நினைத்து அவசரமாக நீட்டும்போது, விஜிலன்ஸ் ஹோமை நினைவுபடுத்துவேன்.

அந்த வேலூர்ப் பகலுக்கு இருபத்துநான்கு ஆண்டு கழித்துச் சென்னையிலிருந்தே இன்னொரு மாணவர். 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர். விஷயம் என்.டி.எம்-1 என்ற நொதி. மற்ற மருந்துகள் கைவிடும்போது நாம் எடுக்கும் கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளையும் வெட்டிப்போடும் நொதி இது. இதன் மரபணு பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் ஏறிக்கொண்டு ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனத்துக்கே தாவும். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற இடங்களில் 73 கிருமிகளில் அது கிடைத்தது. பெரும்பாலானவை க்ளெப்சியெல்லா. கோலிஸ்டினும் டைகெசைக்ளினும்தான் கிட்டத்தட்ட மிச்சம். நொதிக்குப் புதுடெல்லியின் பெயர் வைத்தது சரியா என்று நாடே சண்டை போட்டது. அந்தக் கூச்சலில் கிருமியைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது எனக்கு இன்றும் வருத்தம். ஆனாலும் 2012-இல் மருத்துவ அமைப்புகள் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்கச் சென்னைப் பிரகடனத்தை எழுதின. 2014-இல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்பதைத் தடுக்கும் எச்-1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. பக்கத்து மருந்துக்கடையில் அது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

போன மாதம் முதலாண்டு மாணவி ஒருத்தி தீசிஸ் தலைப்போடு வந்தாள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் திரும்பத் திரும்ப வரும் க்ளெப்சியெல்லா. "வார்டுக்குப் போனியா?" என்றேன்.

"மூணு நாளா அங்கதான் மேடம் இருக்கேன். அம்மாங்க கை கழுவுற குழாயில பாதி நேரம் தண்ணியே வர்றதில்ல. அந்த சிங்க்லயிருந்தும் எடுத்துட்டு வந்திருக்கேன்."

ஐந்து ஸ்வாப் குழாய்களை வரிசையாக பெஞ்சில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் பேனாவால் எழுதியிருந்தது. அன்றைக்கே பிளேட்டில் போட்டோம்.