முதன்மை ஆசிரியர்: பட்டமா, அமானிதமா?

ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வட்டாரத்தில் பள்ளிவாசல் திறப்பு, மதரஸா ஆண்டு விழா முதலியவற்றையொட்டிச் சிறப்பு மலர்கள் வெளியிடும் வழக்கம் உண்டு. சில மலர்களில் 'முதன்மை ஆசிரியர்' என்னும் பெயர், பெரும்பொருள் ஈந்த புரவலருக்குச் செய்யும் மரியாதையாகவே அமைந்துவிடுகிறது. ஆகவே, அப்பொறுப்பு யாதெனத் தெளிந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம்.

இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டமும், அதற்கு மாற்றாக 2024இல் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் பருவ இதழ்களின் ஆசிரியருக்குத் தரும் இலக்கணம் ஒன்றே: வெளியிடத்தக்கவற்றைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் உடையவரே ஆசிரியர். அவர் எப்பெயரால் அழைக்கப்படினும் அவ்வதிகாரமே அளவுகோல் என்பதைப் பிந்தைய சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. கட்டுரையாளர் தாம் எழுதியதற்குப் பொறுப்பாளர். ஆசிரியரோ ஏற்றது, விலக்கியது ஆகிய இரண்டிற்கும் பொறுப்பாளர்.

இத்தேர்வின் வலிமையை அறிய, நம் கரையோடு நெடுங்காலத் தொடர்புடைய இலங்கையை நோக்குவோம். முகம்மது காசிம் சித்திலெவ்வை (1838-1898) என்னும் வழக்கறிஞர், 1882இல் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். கிறித்தவ மிஷனரிப் பள்ளிகளால் மார்க்கத்திற்குக் கேடு வருமென அஞ்சி, ஆங்கிலக் கல்வியை முஸ்லிம்கள் ஒதுக்கியிருந்த காலம் அது. மக்கள் விரும்புவதை மட்டும் அச்சிட்டிருந்தால் அவருக்கு எதிர்ப்பே இருந்திராது. அவரோ கல்விச் சீர்திருத்தத்தை இதழின் தலையாய பொருளாகத் தேர்ந்தார். 1883இல் நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்த எகிப்தியத் தலைவர் அராபி பாஷா அம்முயற்சிக்குத் துணைநின்றார். இவர்களுடன் வாப்பிச்சி மரைக்காரும் இணைந்து உழைத்ததன் பயனாக, 1892இல் கொழும்பு மருதானையில் ஒரு மதரஸா உருவாயிற்று. அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

இப்பணிக்கான ஒழுக்கம் நம் மரபிலேயே உள்ளது. நம்பகமற்றவர் கொணரும் செய்தியை ஆராய்ந்து தெளியுமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. ஹதீஸ்கலை அறிஞர்களும் செய்தியை மட்டும் பாராது, அதை அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார் என்றும் வினவினர். ஆசிரியரும் கட்டுரையின் ஆதாரத்தைக் கேட்க வேண்டும். எழுதியவர் கருத்தைச் சிதைக்காமல் செப்பனிட வேண்டும். நண்பருடையதாயினும் தகாததை மறுக்க வேண்டும். பிழை நேர்ந்தால் அதே இதழில் திருத்தம் வெளியிட வேண்டும்.

பொருள் ஈந்தோரைப் புரவலர் எனப் போற்றுவது நன்றியறிதல். ஆனால் ஆசிரியர் என்னும் பெயர், ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, அதற்கு விடைசொல்ல இசைந்தவருக்கே உரியது. அஃது ஓர் அமானிதம், அன்பளிப்பாக வழங்கத்தக்கதன்று.