ஆஸ்டின் நகரும் டேனியல் ஜான்ஸ்டனின் கேசட்டுகளும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் 1980களின் நடுப்பகுதியில் செழித்திருந்த இசைச்சூழல், பெரிய இசைத்தட்டு நிறுவனங்களை நம்பாமல், பல்கலைக்கழகத்தை ஒட்டிய சிறு அரங்குகளையும் இசைத்தட்டுக் கடைகளையும் ஒருவர் கச்சேரிக்கு ஒருவர் சென்று கேட்ட இளம் குழுக்களையும் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது. முறையான பயிற்சியோ உறுதியான குரலோ இல்லாத டேனியல் ஜான்ஸ்டன், வந்து சேர்ந்த சிறிது காலத்திலேயே அந்நகரின் கவனத்தைப் பெற்றதற்கு அவருடைய திறமை எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு இந்தச் சூழலும் காரணம்.

1961இல் கலிஃபோர்னியாவில் பிறந்து மேற்கு வர்ஜீனியாவில் வளர்ந்த ஜான்ஸ்டன், பெற்றோர் வீட்டின் நிலவறையில் பியானோ வாசித்தபடி தம் பாடல்களைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிந்துவந்தார். பிரதியெடுக்க வசதி இல்லாத அத்தொடக்க காலத்தில், கேட்டவருக்கு ஒரு கேசட் கொடுக்க வேண்டுமானால் பாடல்கள் அனைத்தையும் மீண்டும் முதலிலிருந்து பாடிப் பதிந்தார். டெக்சாஸுக்கு வந்தபின் 1983இல் உருவான ‘ஹாய், ஹவ் ஆர் யூ’ என்ற தொகுப்பில் பெரிதும் ஒலிப்பது கார்டு ஆர்கன், அதாவது வலக்கை கட்டைகளில் மெட்டை வாசிக்க, இடக்கை பொத்தான்களை அழுத்தி ஆயத்தமான சுரக்கூட்டுகளை எழுப்பும் எளிய வீட்டுக்கருவி. நாடாவின் இரைச்சலும் கட்டைகளின் தட்டொலியும் அப்பதிவில் மறைக்கப்படாமல் கேட்கும்.

ஆஸ்டினில் மெக்டொனால்ட்ஸ் உணவகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, தாமே படம் வரைந்து உறையிட்ட கேசட்டுகளை வழியில் கண்டவர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் அவர் கொடுத்தார். நகரில் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த ‘கிளாஸ் ஐ’ குழு, தன் நிகழ்ச்சிக்கு முன்னதாகப் பாடும் வாய்ப்பை அவருக்கு அளித்தது. 1985இல் ஆஸ்டின் குழுக்களைப் படம்பிடிக்க எம்டிவியின் ‘தி கட்டிங் எட்ஜ்’ நிகழ்ச்சி வந்தபோது அவரும் அதில் இடம்பெற்றார். ஊர் முழுதும் கைமாறிக்கொண்டிருந்த நாடாக்களின் குரல் இவ்வாறு நாடு முழுதும் சென்றது.

இக்கவனத்தை வேடிக்கை பார்க்கும் ஆர்வம் என்றோ இரக்கம் என்றோ ஒதுக்குவோர் உண்டு. அது பாடல்களைச் சரியாகக் கேளாத தீர்ப்பு. பீட்டில்ஸை ஆழ்ந்து கேட்டு வளர்ந்த ஜான்ஸ்டனின் மெட்டுகள் உறுதியான கட்டமைப்பு உடையவை. ஒருதலைக் காதலையும் அச்சத்தையும் தனிமையையும் அலங்காரமின்றிச் சொல்பவை. அவற்றை 1994இல் ‘கிளாஸ் ஐ’ குழுவைச் சேர்ந்த கேத்தி மெக்கார்ட்டி பல கருவிகளின் துணையுடன் முறையான ஒலிப்பதிவில் பாடி ஒரு முழுத் தொகுப்பாக வெளியிட்டபோது, இரைச்சலும் நடுங்கும் குரலும் நீங்கிய பிறகும் பாடல்கள் தம் வலிமையால் நின்றன. கரடுமுரடான பதிவுக்குள் இருந்த இந்த வலிமையை முதலில் கண்டுகொண்ட பெருமை ஆஸ்டினின் சக கலைஞர்களுக்கே உரியது.

எனினும் புகழ் வளர்ந்த அதே ஆண்டுகளில் அவருடைய மனநோயும் கடுமையாகி, மருத்துவமனை வாசம் வாழ்வின் பகுதியாயிற்று. 1990இல் ஆஸ்டினில் பாடிவிட்டுத் தந்தை ஓட்டிய சிறு விமானத்தில் திரும்பும்போது நோயின் பிடியில் இயந்திரச் சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்தார். முன்னாள் விமானப்படை விமானியான தந்தை மரங்களின் மேல் விமானத்தை இறக்கியதால் இருவரும் உயிர் தப்பினர். நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் 1992இல் ஜான்ஸ்டனின் கேசட் உறைச் சித்திரம் பதித்த சட்டையை அணிந்து எம்டிவி விருது விழாவில் தோன்றியது அவர் பெயரை உலகெங்கும் பரப்பியது. 1994இல் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபன்’ தொகுப்போ எதிர்பார்த்த அளவு விற்காததால் ஒப்பந்தம் முறிந்தது. நோயைப் பார்க்க வருகிற கூட்டத்தையும் பாட்டைக் கேட்க வருகிற கூட்டத்தையும் பிரித்தறியப் பெரிய சந்தைக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் வாழ்ந்து பழகிய ஊருக்கு அது ஓரளவு தெரிந்திருந்தது.

‘ஹாய், ஹவ் ஆர் யூ’ கேசட் உறையில் ஜான்ஸ்டன் வரைந்த தவளை போன்ற உருவத்தை, 1993இல் பல்கலைக்கழகத்தருகே குவாடலூப் தெருவில் இருந்த ஓர் இசைத்தட்டுக் கடையின் வேண்டுகோளுக்கிணங்க அவரே சுவரில் தீட்டினார். 2004இல் அவ்விடத்துக்கு வரவிருந்த உணவகத்துக்காகச் சுவரை இடிக்கத் திட்டமிட்டபோது நகரவாசிகள் எதிர்த்தனர். உரிமையாளரும் இசைந்து ஓவியத்தை விட்டுவைத்தார். 2019இல் தம் 58ஆம் வயதில் ஜான்ஸ்டன் காலமானபோதும் அச்சுவரோவியம் அதே இடத்தில் இருந்தது.