ஐந்து தப்பா, ஒரே தப்பா?

என்.சி.சி. முகாம் முடிந்து வந்த நாளிலிருந்து எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நெஜத் துப்பாக்கியாடா சுட்டே?" ஆமாம், நிஜத் துப்பாக்கிதான். பாயிண்ட் டூ டூ ரைஃபிள். 25 மீட்டர் தூரத்தில் டார்கெட். ஆளுக்கு 5 ரவுண்டு. ஆனால் சுட்டதைவிட, சுட்ட பிறகு நான் கற்றுக்கொண்டதுதான் பெரிசு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் என் பேப்பரைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடுவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஐந்து ஓட்டையும் இடதுபக்கம் 6 செ.மீ. தள்ளிக் கிடந்தன. பக்கத்தில் படுத்துச் சுட்ட என் நண்பனுக்கு நடுவில் இரண்டு! மற்ற மூன்றும் மூலைக்கு ஒன்றாகப் போயிருந்தாலும் எல்லாரும் அவனுக்குத்தான் கை தட்டினார்கள். போட்டிக்கு ஆள் எடுக்கும்போது என் பேர் வராது என்றே நினைத்துவிட்டேன்.

ஹவில்தார் சார் வந்து பேப்பரைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என் ஓட்டைகள் மேல் வைத்தார். ஐந்தும் மறைந்துவிட்டன. "தம்பி, இது அஞ்சு தப்பு இல்ல. ஒரே தப்பு, அஞ்சு தடவ வந்திருக்கு. இத அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணலாம். உன் நண்பனுக்குத்தான் அஞ்சு தப்பு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார்.

ஓட்டைகள் நெருக்கமாக ஓரிடத்தில் விழுவதற்குப் பெயர் 'குரூப்பிங்'. அந்தக் கூட்டத்தை டார்கெட்டின் நடுவுக்குக் கொண்டுவருவதற்குப் பெயர் 'ஜீரோயிங்'. முதலில் குரூப்பிங், பிறகுதான் ஜீரோயிங். கூட்டமே சேராதவன் சைட்டைத் திருகிப் பயனில்லை. எந்த ஓட்டையை நம்பித் திருகுவான்?

ஏன் திருத்த வேண்டும்? நாம் நினைப்பதுபோல் குழாய் காட்டும் நேர்கோட்டில் குண்டு போவதில்லை. நம் குண்டின் வேகம் விநாடிக்குச் சுமார் 330 மீட்டர். 25 மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் 13-ல் ஒரு பங்குதான் ஆகிறது. அதற்குள்ளேயே புவியீர்ப்பு அதைச் சுமார் 3 செ.மீ. கீழே இழுத்துவிடும் (½gt² போட்டுப் பாருங்கள், வரும்!). கண் பார்க்கும் கோடோ குழாய்க்கு மேலே இருக்கிறது. ஆகவே கண்ணின் கோடும் குண்டின் பாதையும் குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கும்படி சைட்டை அமைக்கிறார்கள். முன்சைட் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்திருந்தாலும் எல்லாம் தள்ளிப் போகும்.

எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு தள்ளும்? நம் கணக்குப் பாடத்து வடிவொத்த முக்கோணம்தான்! முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டார்கெட் 25 மீட்டர். அதாவது 50 மடங்கு. சைட்டில் 1 மி.மீ. பிசகினால் டார்கெட்டில் 50 மி.மீ.! என்னுடைய 6 செ.மீ. தப்புக்குக் காரணம் வெறும் 1.2 மி.மீ.

தப்பு என்னுடையதா, துப்பாக்கியுடையதா என்று பார்க்க சார் அதே துப்பாக்கியில் தானே 3 ரவுண்டு சுட்டார். மூன்றும் இடதுபக்கமே! பிறகு ஆர்மரர் அதற்கான கருவியால் முன்சைட்டை இடதுபக்கமாக நகர்த்தினார். "ஏற்கெனவே இடதுல போகுது, இன்னும் இடதா?" என்று கேட்டேன். முன்சைட் இடதுபக்கம் போனால், அதை மறுபடி நடுவில் பார்ப்பதற்கு நாம் குழாயை வலதுபக்கம் திருப்பியாக வேண்டும். குண்டும் வலதுபக்கம் வரும். முன்சைட் தப்பின் பக்கமே போக வேண்டும். பின்சைட்டாக இருந்தால் நேர் எதிர். (நாமாகத் தொடவே கூடாது. அது அவர்கள் வேலை.)

சினிமாவில் துப்பாக்கி மேல் டெலஸ்கோப்பை மாட்டியதும் டப்பென்று சுடுகிறார்களே, அது சும்மா. அதையும் இப்படிச் சுட்டுச் சுட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். உள்ளே தெரியும் கூட்டல் குறி சாயாமல் நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால், குமிழை மேலே ஏற்றத் திருகும்போது குண்டு பக்கவாட்டிலும் போகும். பல டெலஸ்கோப்புகளில் குமிழின் ஒரு 'கிளிக்' 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும்.

உங்களுக்குத் தெரியுமா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவுக்கே இது நேர்ந்தது. இறுதிச் சுற்றுக்கு முன் பழகிப் பார்க்கச் சுட்ட குண்டு நடுவை விட்டு வெகுவாக விலகிப் போனதாக அவரே எழுதியிருக்கிறார். பதறாமல் சைட்டைத் திருத்தி, 700.5 புள்ளி எடுத்து, இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வாங்கினார்.

மறுநாள் அதே துப்பாக்கி, அதே 5 ரவுண்டு. நான்கு நடுவட்டத்தில், ஒன்று ஓரத்தில்! என் நண்பனும் மூச்சை அடக்கி, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்தப் பழகினான். கடைசி நாளில் அவனுக்கும் கூட்டம் சேர்ந்தது. போட்டிக்கு இருவர் பேரும் வந்தன.

ஊருக்கு வந்ததும் என் அரையாண்டுக் கணக்குப் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ஐந்து கணக்கு தப்பு. ஐந்திலும் மைனஸ் குறியை விட்டிருந்தேன். அட, இங்கேயும் ஒரே தப்புதான்! அடுத்த பரீட்சையில் பாருங்கள்.

நீங்களும் உங்கள் பேப்பரை எடுத்துத் தீப்பெட்டி வைத்துப் பாருங்களேன்!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு, என்.சி.சி. மாணவன்