புயல் கூண்டு பேசும் மொழி

பல இடங்களிலிருந்து வரும் விவரங்களைத் திரட்டி, பார்த்தவுடன் விளங்கும்படி ஓரிடத்தில் காட்டும் பலகையை இன்று 'டாஷ்போர்டு' என்கிறார்கள். அலுவலகங்களில் அது கணிப்பொறித் திரையில் ஒளிர்கிறது. நம் பாம்பன் துறைமுகத்தில் அதே வேலையை ஒரு கம்பம் செய்கிறது. அதில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைத்தான் சொல்கிறேன். கப்பல்களுக்குப் புயல் எச்சரிக்கை தரும் வழக்கம் நம் நாட்டில் 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் தொடங்கியது.

செயற்கைக்கோள், ராடார், கப்பல்கள் ஆகியவை தரும் கணக்கற்ற விவரங்களை வானிலைத் துறையினர் ஆராய்கின்றனர். படகுக்காரருக்கு அவ்வளவும் எதற்கு? கடலுக்குப் போகலாமா, கூடாதா என்பதே அவர் கேள்வி. ஆகவே பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் போதும். மேகம் மூடிய வேளையில் தொலைவிலிருந்து எழுத்து தெரியாது, நிறமும் மங்கும், உருவம் மட்டும் தெரியும்.

கூண்டு எண்களைப் பலரும் பரீட்சை மதிப்பெண் போல எண்ணுகிறார்கள். 1, 2 தொலைவிலுள்ள ஆபத்தையும், 3, 4 துறைமுகத்தை நெருங்கும் ஆபத்தையும் குறிக்கும். அதுவரை சரிதான். ஆனால் 5-க்கும் 6-க்கும் வேறுபாடு புயலின் வலிமையில் இல்லை. புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டுக் கடந்தால் 6, துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடந்தால் 7. கடும் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. திசையையும் வலிமையையும் ஒரே எண்ணில் அடக்கியது குறையென்றே எனக்குப் படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 11. வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்று அது சொல்கிறது. வெறும் கம்பத்தைக் கண்டால் 'ஆபத்தில்லை' என்று நினைத்துவிடுவோம் அல்லவா? 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, தனுஷ்கோடியை நெருங்கிய ரயில், சிக்னல் விளக்கு எரியாமல் வெகுநேரம் காத்திருந்து, பிறகே நகர்ந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று.

கூண்டுக்கும் ஓர் எல்லை உண்டு. நடுக்கடலில் இருப்பவர் கண்ணுக்கு அது எட்டாது. அதனால்தான் புயல் அறிவிப்பு வந்ததும் மீன்வளத்துறையினர் விசைப்படகுகளுக்கு டோக்கன் தராமல் கரையிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.