பாபநாசத்து அருவி லண்டன் போன கதை

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களைக் காலி செய்யும்போது நம் வீட்டுப் பரண்களிலிருந்து சட்டம் போட்ட படங்கள் இறங்குகின்றன. சாமி படம் புது வீட்டுக்குப் போகிறது. மரமும் மலையும் மாடுமாக மங்கிய படம் ரத்திக்காரரிடம் போகிறது. போடுமுன் சற்றுப் பாருங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் என்ற இரு ஆங்கில ஓவியர்கள் 1786-இல் கல்கத்தா வந்தார்கள். 1792-இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருநெல்வேலிச் சீமை வரை போனார்கள். 1793-இல் நம் பம்பாய்க்கும் வந்து எலிபெண்டா குகைகளை வரைந்தார்கள். பிறகு லண்டனில், 1795 முதல் 1808 வரை, 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்களை வெளியிட்டார்கள். பாபநாசம் அருவியும், களக்காட்டருகே வரைந்த மலைக்காட்சியும் அவற்றில் உண்டு.

இவர்கள் பார்வைக்குக் குரு, 17-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிளாட் லொரேன். ஓரத்தில் கருத்த மரம், நடுவே ஒளிரும் நீர், தூரத்தில் வெளிறிய மலை, பொடிப்பொடியாக இடையரும் ஆடுமாடும்: இதுதான் அவர் வகுத்த முறை. அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் தாமிரபரணிக் கரையும் ரோமாபுரி நாட்டுப்புறம்தான்! மைசூர்ப் போர் முடிந்த ஆண்டும் அதே 1792. அப்போது கம்பெனி கைக்கு வந்த பாராமகால் கோட்டைகளோ படத்தில் சாதுவாக நிற்கின்றன. அழகுதான்; ஆனால் முழுக்க நம்பிவிடக் கூடாது. அதே சமயம், நம் அருவி எப்படி விழுந்தது என்று காட்ட அந்தக் காலத்தில் புகைப்படம் ஏது?

உங்களிடம் இருப்பது எது என்று அறிய ஒரு பூதக்கண்ணாடி போதும். வரிசையாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் இக்கால அச்சு. ஒழுங்கற்ற பொடி மணல் போலத் தெரிந்து, ஓரத்தில் செப்புத் தகடு அழுத்திய பள்ளமும் இருந்தால் பழைய அக்வாடின்ட்டாக இருக்கலாம். செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடி தூவி, அமிலத்தில் அரித்து அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டும் முறை அது. பென்சில் கோடு தெரிந்தால் கையால் வரைந்ததாகவே இருக்கக்கூடும்.

எங்கள் கட்டடத்து அம்பாசமுத்திரம் பெரியவரின் படத்தில் புள்ளிகள்தான் தெரிந்தன. "அச்சா இருந்தா என்னவே, அது எங்க ஊரு அருவில்லா?" என்றார். மறுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

உங்களுடையது பழையது என்று தோன்றினால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெயில் படாத சுவரில், மழைக்கால ஈரம் ஏறாத உயரத்தில் மாட்டுங்கள்.