தோல்வியைக் குறித்துவைத்த பல்லாங்குழி

அபிராமத்துக் கரிசல் மண்ணில் மழை ஈரம் காயாத நாளில் பல்லாங்குழிக்குப் பலகை எதற்கு? குச்சியால் இரண்டு வரிசையில் ஏழேழு குழி தோண்டி, வீட்டில் சேர்த்துவைத்த புளியங்கொட்டையைப் போட்டால் ஆட்டம் தயார். ராமேஸ்வரம் போய் வந்தவர்கள் சோழி வாங்கி வந்திருந்தால் சத்தம் இன்னும் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆட்டம் எளிதாகத் தெரியும். ஒரே ஒரு நகர்வைப் போட்டுப் பாருங்கள். குழிக்கு 5 முத்து, மொத்தம் 70. முதல் குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டால் ஆறாவதில் கை காலியாகும். அடுத்த ஏழாவதை அள்ளினால் பன்னிரண்டில் முடியும். பதின்மூன்றை அள்ளினால் சுற்றி வந்து நான்கில். இப்போது ஐந்தாவதில் இருப்பது 6. அதை அள்ளினால் பதினொன்றில். பன்னிரண்டிலும் 6, அதுவும் போய் மறுபடி நான்கிலேயே முடிகிறது. அடுத்த ஐந்தாவது குழி வெறுமை. அதைத் துடைத்துவிட்டு, ஆறாவதில் இருக்கும் 7 முத்தையும் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் உடனே எடுத்துக்கொள்வார். (விதி ஊருக்கு ஊர் மாறும், சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.) ஒரே நகர்வில் ஐந்து முறை அள்ளி, இரண்டு சுற்றுக்கு மேல் கை போயிருக்கிறது. பிள்ளைகள் இதை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். பழகிய அப்பத்தாக்கள் தொடவே மாட்டார்கள், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு குழியை அள்ளுவார்கள்.

இந்தக் குழி ஆட்டத்தின் குடும்பம் பெரியது. ஆப்பிரிக்கா முழுக்க இதற்கு உறவுகள் உண்டு. பொதுவாக மங்காலா என்பார்கள். கம்ப்யூட்டர் வந்த புதிதில் இந்தக் குடும்பத்துக்கு அங்கே எளிதாக இடம் கிடைத்ததற்குக் காரணம், குழி என்பது ஓர் எண்தான் என்பது. சதுரங்கத்துக்குக் குதிரை, யானை என்று வகைவகையாகச் சொல்லித்தர வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. திரையே இல்லாமல், காகிதத்தில் தட்டச்சடிக்கும் டெலிடைப்பில்கூட ஆடலாம்.

அப்படி ஒரு விளையாட்டுதான் ‘அவாரி’. பிரிட்டனின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஜெஃப் வைவில் எழுதியது. ‘கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்’ இதழில் வந்தது. பிறகு டேவிட் ஆல் தொகுத்த பேசிக் நிரல்மொழி விளையாட்டுப் புத்தகத்தில் சேர்ந்தது. பத்து லட்சம் பிரதி விற்ற புத்தகம் அது. அதைப் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்தால்தான் அன்றைக்கு விளையாட்டு கைக்கு வரும். ஒரு எழுத்து பிசகினால் ஆட்டம் கிடையாது.

அவாரியிலும் 14 இடங்கள். ஆளுக்கு ஆறு குழி, பறித்ததைச் சேர்க்க ஆளுக்கொரு வீடு. குழிக்கு 3 முத்து என்று 36. பல்லாங்குழி போல அள்ளி அள்ளி ஓடுவதில்லை. கை காலியானால் நகர்வு முடிந்தது. கடைசி முத்து சொந்த வீட்டில் விழுந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு. வெறுங்குழியில் விழுந்தால் எதிர்க் குழியில் இருப்பதைப் பறிக்கலாம். எந்திரம் தன் ஆறு குழியையும் மனசுக்குள் ஆடிப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் எதிராளி பதிலுக்கு எவ்வளவு பறிக்க முடியும் என்று கணக்குப் போட்டுக் கழிக்கும். மிச்சம் அதிகமாக வரும் குழியை ஆடும். இதற்கு மேல் தொலைநோக்கு அதற்குக் கிடையாது.

ஆனால் ஒரு தந்திரம் உண்டு. எனக்கு இந்த நிரலில் பிடித்ததே அதுதான். ஆட்டத்தின் முதல் எட்டு நகர்வுகளை ஒரே எண்ணாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும். ஆறு குழி என்பதால், ஒவ்வொரு நகர்வுக்கும் பழைய எண்ணை ஆறால் பெருக்கிக் குழி எண்ணைக் கூட்டினால் போதும். எந்திரம் ஜெயித்தால் அந்த எண்ணை அழித்துவிடும். தோற்றாலோ சமன் ஆனாலோ பத்திரப்படுத்தும். அடுத்த ஆட்டத்தில் அதே பாதையில் கால் வைக்கப் போனால், அந்த நகர்வின் மதிப்பில் 2 குறையும். இரண்டு முறை அங்கே அடி வாங்கியிருந்தால் 4. இப்படிச் சுமார் ஐம்பது தோல்விகளை வைத்துக்கொள்ள இடம் ஒதுக்கியிருந்தார் வைவில். ஜெயித்த ஆட்டத்திலிருந்து அது எதையுமே கற்றுக்கொள்வதில்லை என்பது கவனிக்க வேண்டியது. எந்திரத்தை அணைத்தால் சேர்த்த அத்தனையும் போய்விடும்; மறுநாள் மறுபடி பழைய அசடு.

பின்னாளில் வந்தவர்கள் கற்பதையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் எண்ணித் தீர்த்தார்கள். 2002இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரொமைனும் ஹென்ரி பாலும் ஆப்பிரிக்க அவாரியை, அதாவது 12 குழியும் 48 முத்தும் கொண்ட ஆட்டத்தை, 144 செயலிகளில் 51 மணி நேரம் ஓடவிட்டார்கள். 88,906 கோடிக்கும் மேற்பட்ட நிலைகள். இருவரும் பிசகாமல் ஆடினால் சமன் என்று முடிவு வந்தது.

வைவிலின் நிரலைப் பல்லாங்குழிக்கு மாற்ற, பேசிக்கோ பைதானோ தெரிந்த பள்ளிப் பிள்ளைக்கு ஒரு சாயங்காலம் போதும். வீடு இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடங்களையும் குழியாக்க வேண்டும். கை காலியானால் நிற்காமல், அடுத்த குழி வெறுமையாகும்வரை அள்ள வேண்டும். ஒவ்வொரு முத்து விழும்போதும் பசு சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். தோல்வியை எண்ணாக்கும்போது ஆறால் பெருக்கிய இடத்தில் ஏழால் பெருக்க வேண்டும்.